பதின்மூன்றாவது நிமிடம்

மீன் எழுதிய சரித்திரம் – 12

வந்துவிட்டீர்களா? போன வாரம் உங்களை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் ஓரத்தில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். கிண்ணத்துக்குள் கடுகளவு மீன் முட்டைகள். பக்கத்தில் வெந்நீர். சூடு 41.4 டிகிரி. நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் கத்திரி வெயில் உச்சத்தில் நெருங்குகிற சூடு அது.

முட்டையை அவிக்கப் போகிறாரா இந்த மனிதர்?

இந்த வாரம் பதில் சொல்கிறேன். பதில் வந்ததும் உங்களுக்கு இன்னொரு கேள்வி முளைக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் ஏன் இந்தக் கிண்ணத்தின் முன்னால் வந்து நின்றார் என்று பார்த்துவிடுவோம். ஹங்கேரியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி, சிறுவனாக இருந்தபோதே குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்து பெயர் வாங்கியவர். யூஜின் என்ற ஊரில், ஒரேகான் பல்கலைக்கழகத்தில் நல்ல வேலை. அந்தப் பாதையிலேயே போயிருந்தால் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவருக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. ஒற்றைச் செல்லாகத் தொடங்கும் கரு, தலை எது, வால் எது, மூளை எங்கே, முதுகுத்தண்டு எங்கே என்று எப்படி முடிவு செய்கிறது? எந்த ஜீன் அந்தக் கட்டளையைப் போடுகிறது?

வைரஸுக்கு முதுகெலும்பே கிடையாது. அதனிடம் கேட்டுப் பயனில்லை. எலிக்கு உண்டு. ஆனால் எலிக்குட்டி உருவாவது தாயின் வயிற்றுக்குள்.

ஸ்ட்ரைசிங்கருக்குத் தொட்டியில் மீன் வளர்க்கும் பைத்தியமும் உண்டு. ஒருநாள் இரண்டு பைத்தியமும் ஒன்று சேர்ந்தன.

அவர் தேர்ந்தெடுத்தது வரிக்குதிரை மீன். நம் நாட்டு மீன். கங்கை, கோசி நதிப் பக்கத்து ஓடைகளில் துள்ளுவது. கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர் பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் எடின்பரோவில் அச்சிட்ட கங்கை மீன்கள் நூலில் முதன்முதலாகப் பதிவு செய்தார் என்பதைத் தொடரின் தொடக்கத்திலேயே பார்த்தோம். கெண்டைக் குடும்பத்து மீன். விரல் நீளம்கூட வராது. சென்னை கொளத்தூர் கடைகளில் பாலித்தீன் பையில் கட்டித் தருவார்கள்.

விலை மலிவு. முட்டை ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக, கரு வெளியே வளர்கிறது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. உள்ளே நடப்பதை நேராகப் பார்க்கலாம்.

ஒரே ஒரு சிக்கல்.

மீனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதியாக வரும். தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒரு பிரதியில் கோளாறு இருந்தாலும் இன்னொன்று வேலையைச் செய்துவிடும். கோளாறு வெளியே தெரியாது. ஜீன் கெட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத் துடிக்கும் ஆளுக்கு இதைவிட எரிச்சல் வேண்டுமா?

ஸ்ட்ரைசிங்கர் ஒரு முடிவுக்கு வந்தார். அப்பாவின் பிரதியே வேண்டாம்.

இப்போது கிண்ணத்துக்கு வாருங்கள். நிமிடக் கணக்கு தொடங்குகிறது.

முதல் நிமிடம். பெண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டைகளை எடுத்தாயிற்று. ஆண் மீனின் விந்தணுக்கள் மீது ஏற்கெனவே புற ஊதாக் கதிர் பாய்ச்சியாயிற்று. அந்த விந்தணுக்களுக்கு இன்னும் நீந்தத் தெரியும். முட்டைக்குள் நுழையத் தெரியும். முட்டையை எழுப்பத் தெரியும். ஆனால் அவற்றின் டிஎன்ஏ சிதைந்துபோனது. முட்டை விழித்துக்கொள்கிறது, தாயின் ஒற்றைப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு.

அப்பாவின் டிஎன்ஏ கொஞ்சம்கூட உள்ளே போகவில்லை என்று எப்படி நம்புவது? அதற்கும் வழி வைத்திருந்தார். தாய் மீன் வரி மங்கிய வெளிர்நிற வகை. தந்தை சாதாரண வரி மீன். குஞ்சுக்குக் கறுப்பு வரி வந்தால் அப்பா எட்டிப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

ஐந்தாவது நிமிடம். பத்தாவது நிமிடம். ஒன்றும் நடக்காதது போலத் தெரிகிறது. உள்ளே முட்டை தன் முதல் பிரிவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. 28 டிகிரித் தண்ணீரில் விட்டுவிட்டால் முக்கால் மணி நேரத்தில் ஒன்று இரண்டாகும். ஒரு மணி நேரம் முடியும்போது நான்கு. ஆனால் ஒற்றைப் பிரதியோடு வளரும் கரு பிழைக்காது. சில நாளில் செத்துவிடும்.

பதின்மூன்றாவது நிமிடம்.

முட்டைகள் வெந்நீருக்குள் போகின்றன.

இரண்டு நிமிடம். அவ்வளவுதான். பதினைந்தாவது நிமிடம் வெளியே.

கொஞ்சம் தாமதித்தால் முட்டை வெந்துவிடும். முன்கூட்டியே எடுத்தால் ஒன்றும் நடக்காது. இந்தக் கணக்கைப் பிடிக்கத்தான் அத்தனை வருஷம் ஆனது.

அந்தச் சூட்டில் என்ன நடந்தது தெரியுமா? முட்டை தன் குரோமோசோம்களை நகல் எடுத்துக்கொண்டது. ஆனால் நகலையும் மூலத்தையும் இரண்டு செல்லாகப் பிரிக்கும் வேலை தடைபட்டது. இரண்டும் ஒரே செல்லுக்குள் தங்கிவிட்டன. ஒற்றைப் பிரதி இரட்டையானது. இரண்டும் அச்சு அசல் ஒன்று. இனி ஒரு ஜீன் கெட்டிருந்தால் இரண்டு பிரதியிலும் கெட்டிருக்கும். ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

பெரும்பாலான முட்டைகள் செத்துப்போயின. சில பிழைத்தன. குஞ்சுகள் நீந்தின. கறுப்பு வரி இல்லை.

அப்பா இல்லாத மீன்கள்!

1981-ல் 'நேச்சர்' இதழில் செய்தி வந்தது. ஸ்ட்ரைசிங்கருக்கு அதைக் கொண்டாட அதிகக் காலம் கிடைக்கவில்லை. 1984 ஆகஸ்டில் ஆழ்கடல் நீச்சல் பழகும்போது மாரடைப்பு. வயது 56. யூஜினில் அவருடைய தொட்டிகள் அப்படியே இருந்தன. மீன்களை வடிகாலில் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாமா என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டிய நேரம். சக ஆராய்ச்சியாளர்களான சக் கிம்மலும் மான்ட்டி வெஸ்டர்ஃபீல்டும் மீன்களைக் கைவிடவில்லை. அவர்கள் கைவிட்டிருந்தால் இந்தத் தொடர் இந்த வாரத்தோடு முடிந்திருக்கும்.

முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பதின்மூன்றாவது நிமிடத்தின் பின்னால் பூதம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஸ்ட்ரைசிங்கர் தொட்டியில் செய்த காரியத்தை இயற்கை முன்பே செய்து முடித்திருந்தது!

ஒரேகானை விட்டுக் கொஞ்சம் நம் பக்கம் வாருங்கள்.

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கிப் பிறகு சமவெளிக்கு இறங்குகிறது. இந்தப் பக்கத்து மீன் கடையில் கட்லா, ரோகு கூடைக்குப் பக்கத்தில் சாதா கெண்டை கிடந்தால் நன்றாகப் பாருங்கள். வாயோரம் இரண்டு ஜோடி மீசை. பெரிய செதில். இது வந்தேறி. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு நாடெல்லாம் பரவிவிட்டது.

ரோகுவின் செல்லில் 50 குரோமோசோம். கட்லாவுக்கும் 50. வரிக்குதிரை மீனுக்கும் 50.

சாதா கெண்டைக்கு 100.

ஒரே குடும்பம். ஒரே கூடை. ஒன்றுக்கு மட்டும் கணக்கு இரட்டிப்பு.

இதை 1960-களில் கவனித்து மூக்கின் மேல் விரல் வைத்தவர் சுசுமு ஓனோ. கொரியாவில் பிறந்த ஜப்பானியர். குதிரை மீதுள்ள பிரியத்தால் மரபியலுக்கு வந்தவர். கலிபோர்னியாவில் உட்கார்ந்து கெண்டையையும் தங்கமீனையும் அவற்றின் சின்னப் பங்காளி மீன்களையும் நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார். ஒரு பக்கம் ஐம்பது. இன்னொரு பக்கம் சுமார் நூறு. தனி ஜீன் மட்டுமல்ல, மொத்த மரபுத் தொகுதியே இரட்டிக்க முடியும் என்று அவருக்குப் புரிந்தது.

1970-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். இயற்கை புதுசாக ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் பழையதை நகல் எடுக்கும் என்றார். மூலம் தன் வேலையைப் பார்க்கும். நகலுக்கு வேலை இல்லை, அதனால் தப்பு செய்யும் சுதந்திரம் உண்டு. பெரும்பாலும் அது கெட்டு அழியும். அபூர்வமாகப் புது வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். முதுகெலும்புள்ள உயிர்களின் தொடக்கத்திலேயே இப்படி மொத்த இரட்டிப்பு நடந்திருக்கும் என்றும் ஊகித்தார்.

பலர் சிரித்தார்கள். ஆதாரம் எங்கே?

ஆதாரம் ஹாக்ஸ் ஜீன்களில் இருந்தது. நம் தொடரின் பழைய நண்பர்கள். தலையிலிருந்து வால் வரை எந்த இடத்தில் எது வளர வேண்டும் என்று வரிசையாக நின்று உத்தரவு போடும் ஜீன்கள். கடல் மணலில் வாழும் ஆம்பியாக்சஸ் என்ற மீன் போன்ற உயிருக்கு அவை ஒரே கொத்து. மனிதனுக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு கொத்து, மொத்தம் 39 ஜீன்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகியிருக்க வேண்டும். இதுவரை ஓனோ பக்கம் காற்று.

மீனுக்கு எத்தனை இருக்கும்? நான்குதான் என்று பலரும் நினைத்தார்கள்.

எண்ணிப் பார்த்துவிடுவது என்று இறங்கியவர் ஜான் போசில்த்வெயிட். அதே யூஜின், அதே பல்கலைக்கழகம். இவருக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. இளம் வயதில் பழ ஈக்களை ஆராய்ந்தவர். உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைத்த ஈக்களைக் கண்ணால் பார்த்தவர். அந்தக் கோளாறுக்குக் காரணமான ஜீன் ஹாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பின்னால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஈயில் பார்த்ததை மீனில் தொடர வந்தவர், ஏஞ்சல் அமோரஸ், ஆலன் ஃபோர்ஸ் முதலிய இளைஞர்களோடு வரிக்குதிரை மீனின் ஹாக்ஸ் கொத்துகளைக் குரோமோசோம் குரோமோசோமாகத் தேடினார்.

ஏ கொத்து கிடைத்தது. இன்னொரு ஏ கொத்தும் கிடைத்தது.

பி இரண்டு.

சி இரண்டு.

டி ஒன்று.

மொத்தம் ஏழு!

ஒரு கொத்து மட்டும் இரட்டித்திருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். மூன்று கொத்து, வெவ்வேறு குரோமோசோம்களில், அக்கம்பக்கத்து ஜீன்களையும் கூட்டிக்கொண்டு இரட்டித்திருந்தால்? மொத்தத் தொகுதியும் இரட்டித்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய எலும்பு மீன்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையான ஒரு பரம்பரையில், நகல் எடுத்த குரோமோசோம்கள் பிரியாமல் தங்கிவிட்டன. நம் கெண்டையின் இரட்டிப்பு அதற்குமேல் வந்தது. ஒரு கோடி ஆண்டு அளவில் நடந்த சமீபத்துக் கதை. அதுவும் இரண்டு இனங்கள் கலந்ததில் வந்தது.

1998-ல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வெளியானது. ஓனோ ஜெயித்தார்.

ஸ்ட்ரைசிங்கர்?

யோசித்துப் பாருங்கள். பத்தாண்டு உழைத்து மீனிடமிருந்து உபரிப் பிரதியைப் பறித்தார் அந்த மனிதர். கோளாறு எங்கும் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு உபரி 32 கோடி ஆண்டாக உட்கார்ந்திருந்திருக்கிறது. மனிதனுக்கு ஒன்று இருக்கும் இடத்தில் மீனுக்கு இரண்டு ஜீன். ஒன்றைக் கெடுத்தால் மற்றது காப்பாற்றிவிடாதா? அப்படியானால் இந்த மீனை வைத்து மனித உடலைப் புரிந்துகொள்ள முடியுமா? மீனை நம்பி வாழ்க்கையைப் பணயம் வைத்த ஆய்வகங்கள் அப்போது உலகம் முழுக்க இருந்தன.

இங்கேதான் ஆலன் ஃபோர்ஸ் குறுக்கே வருகிறார்.

அவரை உறுத்தியது ஓனோவின் கணக்கு. உபரிகள் பெரும்பாலும் அழிந்துவிடும் என்றார் ஓனோ. 32 கோடி ஆண்டு ஆயிற்று. ஆனால் மீனில் இத்தனை ஜோடிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அத்தனை பேருக்குமா புது வேலை கிடைத்திருக்கும்? நம்ப முடியவில்லை.

அவர் என்கிரெய்ல்டு-1 என்ற ஜீனை எடுத்துக்கொண்டார். எலியில் இது ஒன்று. இரண்டு வேலை பார்க்கிறது. முன்னங்கால் முளைக்கும் இடத்தில் ஒரு வேலை, பின்மூளை, தண்டுவட நரம்புகளில் ஒரு வேலை. வரிக்குதிரை மீனில் இந்த ஜீனுக்கு இரண்டு பிரதி. ஒன்று பக்கத் துடுப்பு முளைக்கும் இடத்தில் மட்டும் விழிக்கிறது. மற்றது நரம்பில் மட்டும் விழிக்கிறது.

பாகப்பிரிவினை!

அப்பா பார்த்த நிலத்தையும் கடையையும் அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட கதை. அண்ணனுக்குக் கடை தெரியாது. தம்பிக்கு நிலம் தெரியாது. இரண்டு பேரில் யார் போனாலும் குடும்பம் தள்ளாடும்.

எப்படிப் பிரிந்தது? யாரும் உட்கார்ந்து பத்திரம் எழுதவில்லை. ஜீனின் அருகே, எங்கே எப்போது விழிக்க வேண்டும் என்று சொல்லும் விசைகள் உண்டு. ஒரு பிரதியில் துடுப்பு விசை கெட்டது. இன்னொன்றில் நரம்பு விசை கெட்டது. அந்த நிமிடத்திலிருந்து இரண்டில் எதையும் இழக்க முடியாது. புதுத் திறமை எதையும் சம்பாதிக்கவில்லை. ஆளுக்கொன்றாகத் தொலைத்தார்கள். தொலைத்ததே இருவரையும் காப்பாற்றியது. மைக்கேல் லிஞ்ச், போசில்த்வெயிட் முதலியோருடன் ஃபோர்ஸ் 1999-ல் இதை எழுதினார். ஓனோவின் இரண்டு வழிகளோடு மூன்றாவது வழி பிறந்தது.

ஸ்ட்ரைசிங்கரின் மீனும் தப்பித்தது. தப்பித்தது மட்டுமா? எலியில் அந்த ஜீனைக் கெடுத்தால் காலும் நரம்பும் ஒரே நேரத்தில் குழம்பும். மீனில் துடுப்பின் கதையைத் தனியாக, நரம்பின் கதையைத் தனியாகக் கேட்கலாம். உபத்திரவம் என்று நினைத்தது உபகாரமாக முடிந்தது.

சுபம் போட்டுவிடலாமா?

பொறுங்கள். விரல் விட்டு எண்ணியவர்களுக்கு உறுத்தியிருக்கும். நான்கு இரட்டித்தால் எட்டு. கிடைத்தது ஏழு. டி கொத்தின் இரட்டை எங்கே?

ஆரம்பத்திலேயே இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல விடாமல் ஒரு சாட்சி வந்து நின்றது. கோமுகியும் மணிமுத்தாறும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன அல்லவா? மேலே கெண்டை வாழும் தண்ணீர். கீழே முகத்துவாரத்தில், வலையில் மாட்டினால் வயிற்றை உப்பிக்கொள்ளும் பேத்தை மீன். அந்தப் பேத்தையின் ஜப்பானியப் பங்காளிதான் ஃபூகு. அதன் முழு மரபுத் தொகுதியை 2002-ல் வெளியிட்டார்கள். மனிதனுக்கு அடுத்தபடியாக அப்படி வெளியான முதுகெலும்புள்ள உயிர் அதுதான். அதிலும் ஹாக்ஸ் கொத்துகள் ஏழு.

அதே ஏழா?

இல்லை! ஃபூகுவுக்கு டி கொத்து இரண்டும் இருக்கின்றன. காணாமல் போனது சி கொத்தின் இரட்டை. வரிக்குதிரை மீனுக்கு சி இரண்டும் இருக்கின்றன. காணாமல் போனது டி.

ஆக, மூதாதையிடம் எட்டும் இருந்தன. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றைத் தொலைத்தார்கள். இதில் சந்தேகம் இல்லை.

தொலைத்தது என்றால் முழுசாகவா? 2006-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் யூஸ்ட் வோல்டெரிங், அந்தோனி டர்ஸ்டன் என்ற இருவர் அந்த இடத்தையே தேடிப் போனார்கள். ஒரு கொத்து அழிந்தாலும் அதன் அக்கம்பக்கத்து ஜீன்கள் அழிய வேண்டியதில்லை என்பது அவர்கள் யோசனை. யோசனை பலித்தது. இரண்டு பக்கத்து ஜீன்களும் தத்தம் இடத்திலேயே இருந்தன. நடுவே கொத்து இருக்க வேண்டிய பகுதியில் ஒரு ஹாக்ஸ் ஜீன்கூட இல்லை. ஆனால் அந்த இடம் காலியாகவும் இல்லை.

ஏதோ ஒன்று அங்கே உயிரோடு இருந்தது. மிகச் சிறியது. அதிலிருந்து புரதம் எதுவும் உருவாவதில்லை. அப்படியிருந்தும் அத்தனை ஜீன்கள் அழிந்த இடத்தில் அது மட்டும் 32 கோடி ஆண்டு தப்பிப் பிழைத்திருக்கிறது.

அது என்ன, அதை யார் காப்பாற்றினார்கள் என்பது அடுத்த வாரம். அதற்குள் மீன் கடைப் பக்கம் போனால், சாதா கெண்டையையும் ரோகுவையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நூறும் ஐம்பதும் அடுத்த அத்தியாயத்தில் நமக்குத் தேவைப்படும்.